லாப்பில ஓடுது, வீட்டு உபுண்டுவில லிங்க் ஆகேல்லை: சி ப்ரோக்ராம் பற்றி ஒரு கேள்வி

காணிக்கணக்கு | சனி, இரவு 8.50

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கம்பஸ் முதலாம் வருசம். ஏ எல்லுக்கு ஐசிடி எடுத்தனான், ஆனா அதில பைத்தன் மட்டும்தான் எழுதிப் பழக்கம். இப்ப சி படிப்பிக்கினம். லாப்பில விண்டோஸ், ப்ரோக்ராம் எழுத கோட்புளொக்ஸ். வீட்டில அண்ணா விட்டுட்டுப் போன பழைய லப்டொப், அதில உபுண்டு எண்ட லினக்ஸ்.

ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினனான். எத்தனை பரப்புக் காணி எண்டு கேக்கும். அந்தக் காணி சரியான சதுரமா இருந்தா ஒரு பக்கம் எத்தனை அடி எண்டு சொல்லும். 1 ஏக்கர் 43,560 சதுர அடி, 16 பரப்பு 1 ஏக்கர், அப்ப 1 பரப்பு 2722.5 சதுர அடி. பரப்பால பெருக்கிப் போட்டு எஸ்கியூஆர்டியால வர்க்கமூலம் எடுக்கிறன்.

லாப்பில 4 எண்டு குடுக்க 104.36 எண்டு வடிவா வந்தது. அதே பைலை பென் ட்ரைவில கொண்டுவந்து வீட்டில ஜிசிசி எண்ட கொம்பைலருக்குக் குடுத்தா, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் ரு எஸ்கியூஆர்டி" எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ "கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்". கணித ஃபங்ஷன்களுக்கான மாத்.எச் இன்க்ளூட் பண்ணித்தான் இருக்கு, பத்துத் தரம் பாத்திட்டன்.

இன்னுமொண்டு எனக்குத் துண்டா விளங்கேல்லை. இலக்கம் கேக்கிற வரியை எடுத்துப் போட்டு, எஸ்கியூஆர்டிக்குள்ள நேர 10890.0 எண்டு எழுதினா அதே லப்டொப்பில பிழையே வராது, விடையும் சரி. மாறியை வைச்சா மட்டும் பிழை வருகுது. இது என்ன கோதாரி?

கட்டளையளை வாய்விட்டு வாசிக்கிற மாதிரியே தமிழில எழுதியிருக்கிறன். நீங்களும் அப்பிடியே எழுதினா எனக்கு லேசு.

டெமோ_அக்கா | சனி, இரவு 9.15

தம்பி, உபுண்டுவிலயும் கோட்புளொக்ஸ் இருக்கு. அதைப் போடுங்கோ. கட்டளை அடிக்கிற ரெர்மினலில மினக்கெட்டா முதல் செமஸ்டர் முழுக்க அதோடயே போயிடும். நான் முதலாம் வருசப் பிள்ளையளுக்கு லாப் எடுக்கிறனான், அதால சொல்லுறன்.

கோண்டாவில்_மேசை | சனி, இரவு 9.40

அக்கா, அதைப் போட்டாலும் இந்தப் பிழை போகாது. செட்டிங்ஸுக்குள்ள போய் லிங்கருக்கு லைபிரரி சொல்லித்தான் ஆகவேணும். தம்பி, முதல் இதைச் செய்து பாரும்:

ஜிசிசி காணி.சி -ஓ காணி -எல்எம்

கடைசியில இருக்கிற -எல்எம் தான் மருந்து. ஏன் எண்டதையும் கேட்டுக்கொள்ளும்.

"கொம்பைல் பண்ணுறன்" எண்டு நாங்கள் ஒரு சொல்லில சொல்லுறது நாலு வேலை. முதல் ப்ரீப்ரொசெசர் வந்து இன்க்ளூட், டிஃபைன் வரியளை விரிச்சு வைக்கும். பேந்து கொம்பைலர் அதை அசெம்பிளி ஆக்கும். அசெம்பிளர் அதை இயந்திரக் குறியீடாக்கி .ஓ பைல் ஒண்டு தரும். கடைசியா லிங்கர், அதின்ர பேர் எல்டி, உம்மட .ஓ பைலையும் லைபிரரியளையும் சேர்த்து ஓடக்கூடிய பைல் ஒண்டைக் கட்டும். ஜிசிசி எண்டு நீர் அடிக்கிறது இந்த நாலு பேரையும் வரிசையாக் கூப்பிடுற மேற்பார்வையாளர் மட்டும்தான்.

உம்மட பிழைச் செய்தியில எல்டி எண்டு இருக்குப் பாரும். அப்ப கொம்பைலருக்கு உம்மோட ஒரு பிரச்சினையும் இல்லை. அது வேலையை முடிச்சுக் குடுத்திட்டுது. லிங்கர்தான் மாட்டனெண்டு நிக்குது.

மாத்.எச் ஐப் போட்டா எல்லாம் வந்திடும் எண்டு நினைச்சிருப்பீர். அந்தப் பைலுக்குள்ள எஸ்கியூஆர்டியின்ர வேலை இல்லை. "ஒரு டபிள், அதாவது தசம இலக்கம், குடுத்தா ஒரு டபிள் திருப்பித் தரும்" எண்ட அறிவிப்பு மட்டும்தான் இருக்கு. கூப்பன் மட்டையில அரிசி எண்டு எழுதியிருக்கும், அரிசி சங்கக்கடையில கிடக்கும். கொம்பைலர் மட்டையைப் பாத்துச் சரி எண்டு விட்டிடும். லிங்கர்தான் கடைக்குப் போய் மூட்டையைத் தூக்கவேணும். லினக்ஸில கணிதத்துக்கு லிப்எம் எண்டு தனிக் கடை. -எல் எண்டா லைபிரரி, அதுக்குப் பின்னால நிக்கிற எம்முக்கு முன்னால லிப் எண்டதை லிங்கரே சேர்த்துத் தேடும்.

காணிக்கணக்கு | சனி, இரவு 10.05

அண்ணா, ஓடீட்டுது! சரியான நன்றி.

ஆனா மூண்டு கேள்வி. -எல்எம் ஐ ஜிசிசிக்குப் பக்கத்திலயே, பைல் பேருக்கு முன்னால போட்டா திரும்ப அதே பிழை வருகுது. ஏன்? 10890.0 எண்டு நேர எழுதினா -எல்எம் இல்லாமலே எப்பிடி ஓடினது? லாப்பில ஏன் இது தேவைப்படேல்லை?

நாலாவதும் ஒண்டு. ஓடுறதுக்கு "காணி" எண்டு அடிச்சா "கமாண்ட் நொட் ஃபவுண்ட்" எண்டுது. முன்னால புள்ளியும் சாய்கோடும் போடச்சொல்லி ஒரு வீடியோவில பாத்துப் போட்டன், வேலை செய்யுது. காரணம் சொல்லேல்லை அவையள்.

கோண்டாவில்_மேசை | சனி, இரவு 10.50

நல்ல கேள்வியள். ஒவ்வொண்டா வாறன்.

லிங்கர் இடமிருந்து வலமாத்தான் வாசிச்சுக்கொண்டு போகும். போற வழியில "இன்னும் கிடைக்காத பேர்கள்" எண்டு ஒரு பட்டியல் கையில வைச்சிருக்கும். -எல்எம் முதல் வந்தா அந்த நேரம் பட்டியல் வெறும் தாள். இந்தக் கடையில எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டு தாண்டிப் போயிடும். அதுக்குப் பிறகுதான் உம்மட பைலில எஸ்கியூஆர்டி வேணும் எண்டு தெரியவரும், ஆனா அது திரும்பிப் போகாது. அதால லைபிரரியள் எப்பவும் கடைசியில.

10890.0 கதை எனக்குப் பிடிச்ச கதை. உள்ள இருக்கிறது மாறாத இலக்கம் எண்டால் ஜிசிசி அதின்ர வர்க்கமூலத்தைக் கொம்பைல் பண்ணேக்கயே தானே கணக்குப் பாத்து, விடையை நேர எழுதிப்போடும். எஸ்கியூஆர்டியைக் கூப்பிடுற வரியே .ஓ பைலுக்குள்ள வராது. கூப்பிடாத ஆளை லிங்கர் ஏன் தேடப்போகுது? நம்பிக்கை இல்லாட்டி "-எஸ்" எண்டு பெரிய எஸ் போட்டுக் கொம்பைல் பண்ணும். அசெம்பிளி பைல் ஒண்டு வரும். மாறி வைச்சதில எஸ்கியூஆர்டிக்கு ஒரு "கோல்" வரி இருக்கும், மற்றதில இருக்காது. ஒருக்கா உம்மட கண்ணால பாரும்.

லாப்பில இருக்கிற கோட்புளொக்ஸ் அனேகமா மின்ஜிடபிள்யூ எண்ட ஜிசிசியோட வந்திருக்கும். விண்டோஸில இந்தக் கணித ஃபங்ஷன்கள் தனிக் கடையில இல்லை, கேக்காமலே சேருற லைபிரரியளுக்குள்ள இருக்கு. அதால -எல்எம் கேக்காது.

புள்ளி சாய்கோடு: நீர் ஒரு பேரை அடிச்சா லினக்ஸ் "பாத்" எண்ட பட்டியலில இருக்கிற கோப்புறையளுக்குள்ள மட்டும்தான் தேடும். நீர் நிக்கிற கோப்புறை அந்தப் பட்டியலில இல்லை. அது வேணுமெண்டே விட்டது. ஆரும் ஒருத்தர் பென் ட்ரைவில "எல்எஸ்" எண்ட பேரில ஒரு கெட்ட ப்ரோக்ராமை வைச்சுத் தந்தா, நீர் உள்ள போய்ப் பைல்களைப் பாக்க எல்எஸ் அடிக்கேக்க அதெல்லோ ஓடும்? "புள்ளி" எண்டா "நான் நிக்கிற இடம்". "இஞ்ச இருக்கிறதைத்தான் ஓட்டு" எண்டு நீரே சொல்லுறீர், அவ்வளவுதான்.

பழைய_பஸ்கால் | ஞாயிறு, காலை 6.20

தம்பிமார் எழுதியதை இப்போதுதான் வாசித்தேன். நான் வடமராட்சியில் பல வருடம் கணினி கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு விடயம் சொல்ல ஆசை.

நாங்கள் டேர்போ பஸ்காலில் கற்பித்த காலத்தில் கொம்பைல் பண்ணுவதற்கு ஒரு விசை, ஓட்டுவதற்கு வேறொரு விசை. ஓல்ட் எஃப்9 தொகுக்கும். கொன்ட்ரோல் எஃப்9 ஓட்டும். ஓடி முடிந்ததும் திரை பளிச்சென்று எடிட்டருக்குத் திரும்பிவிடும். விடையைப் பார்க்க ஓல்ட் எஃப்5 அழுத்த வேண்டும். இரண்டும் வேறு வேறு செயல் என்பது பிள்ளைகளின் விரலுக்கே தெரிந்திருந்தது. இப்போது ஒரு பச்சை முக்கோணத்தை அழுத்தினால் எல்லாம் நடக்கிறது. நடக்காதபோது எது நடக்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இந்தத் தம்பி பட்ட பாடும் அதுதான். கெட்டித்தனமில்லாமல் அல்ல, நான்கு வேலையை ஒரு வேலையென்று காட்டிவிட்டோம்.

90களில் இங்கே லைன் கரண்ட் இல்லாத காலம் உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டோம். கணினி என்றால் ஜெனரேற்றர் ஓடும் நேரம் மட்டும். அந்த நேரம் வருவதற்குள் பிள்ளைகள் ப்ரோக்ராமைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் அட்டவணை கீறி, ஒவ்வொரு மாறியும் ஒவ்வொரு வரியில் என்ன பெறுமதி எடுக்கிறது என்று கையாலேயே ஓட்டிப் பார்த்திருப்பார்கள். பிறகுதான் தட்டச்சு. கொம்பைலருக்கு முன்னால் இருக்கும்போது தங்கள் ப்ரோக்ராம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம். ஆனால் அந்த அட்டவணை கீறும் பழக்கத்தை நான் இப்போதும் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. கொம்பைலர் என்ற சொல்லைத் தமிழில் தொகுப்பி என்கிறோம். 1952இல் கிரேஸ் ஹொப்பர் செய்த ஏ-0 என்பதைத்தான் பலர் முதல் கொம்பைலர் என்பார்கள். அது செய்த வேலை, முன்பே எழுதி வைத்த சிறு நிரல்களை நாடாவிலிருந்து எடுத்து ஒன்றாகத் தொகுப்பது. இன்றைய கணக்கில் அது லிங்கரின் வேலைக்குத்தான் கிட்ட. மனிதர் எழுதும் சூத்திரத்தை இயந்திர மொழியாக மாற்றுகிற ஃபோர்ட்ரான், ஜோன் பக்கஸின் குழுவினர் ஐபிஎம் 704க்காகச் செய்து 1957இல் வெளிவந்தது. தொகுப்பி என்ற பெயர் லிங்கருக்கே பொருத்தம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

டெமோ_அக்கா | ஞாயிறு, காலை 9.30

சேர், நீங்கள் சொல்லுறதை மறுக்கேல்லை. ஆனா எனக்கு முன்னால நாப்பது பிள்ளையள், ரெண்டு மணித்தியாலம். அதுக்குள்ள லூப் விளங்கப்படுத்தவேணும். ரெர்மினலில எந்தக் கோப்புறையில நிக்கிறம் எண்டதைச் சொல்லவே அரை மணித்தியாலம் போகும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வாற பிள்ளையள் சிலருக்கு கம்பஸ் வந்துதான் கீபோர்ட்டில கை வைக்கிறதே. அவையைப் பச்சை முக்கோணம்தான் பயமில்லாமல் இருக்கவைக்குது. முதல் நாளே லிங்கரைக் காட்டி வெருட்ட எனக்கு மனமில்லை.

கோட்புளொக்ஸில திரும்பத் திரும்பக் காணுற பிழையள் ரெண்டையும் சொல்லிவிடுறன், ஆருக்கும் உதவும். ஒண்டு, மின்ஜிடபிள்யூ சேராத பதிப்பை டவுன்லோட் பண்ணிப்போட்டு "கொம்பைலரைக் காணேல்லை" எண்டு நிக்கிறது. கோட்புளொக்ஸ் வெறும் எடிட்டர்தான், கொம்பைலர் வேற சாமான். பேரில மின்ஜிடபிள்யூ எண்டு இருக்கிற பெரிய பைலைத்தான் எடுக்கவேணும். மற்றது, முதல் ஓட்டின கறுத்த ஜன்னலை மூடாமல் திரும்ப பில்ட் பண்ணுறது. ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸ்இ பைலுக்கு மேல எழுத விண்டோஸ் விடாது. "பெர்மிஷன் டினைட்" எண்டு வரும். பிள்ளையள் கோட்டில பிழை தேடிக்கொண்டு இருப்பினம்.

பழைய_பஸ்கால் | ஞாயிறு, காலை 10.10

பிள்ளை, நாற்பது பேர் என்றால் நீங்கள் சொல்வது நியாயம். நான் பன்னிரண்டு பேருக்கு மேல் வைத்துப் படிப்பித்ததில்லை, அதை மறந்து எழுதிவிட்டேன். ஒரு நடு வழி உண்டு. கோட்புளொக்ஸின் அடியில் "பில்ட் லொக்" என்று ஒரு தாவல் இருக்கிறது. பச்சை முக்கோணத்தை அழுத்தும்போது பின்னால் அது ஜிசிசிக்குக் கொடுத்த கட்டளைகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஒரு வரி கொம்பைல், இன்னொரு வரி லிங்க். மூன்றாம் கிழமையில் ஒரு நாள் அந்தத் தாவலைத் திறந்து காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

டெமோ_அக்கா | ஞாயிறு, காலை 10.25

இதைச் செய்யலாம் சேர். வாற கிழமையே செய்து பாக்கிறன்.

நெல்லியடி_மழை | ஞாயிறு, பின்னேரம் 3.40

அண்ணா, நான் ஏ எல் படிக்கிறன். லப்டொப் இல்லை, போனில ரெர்மக்ஸ் எண்ட ரெர்மினல் அப்பைப் போட்டு கிளாங் எண்ட கொம்பைலரால சி பழகுறன். டவுன்லோட் கோப்புறையில பைலை வைச்சுக் கொம்பைல் பண்ணினா பிழை இல்லை. ஓட்டப்போனா "பெர்மிஷன் டினைட்". ஓட்ட அனுமதி குடுக்கிற சிஎச்மொட் போட்டும் பாத்தன், மாறேல்லை. மேல இருக்கிற இந்த அண்ணா லாப்பில செய்த எக்ஸ்இ பைலை அனுப்பினா என்ர போனில ஓடுமோ?

கோண்டாவில்_மேசை | ஞாயிறு, பின்னேரம் 4.30

தங்கச்சி, போனிலயே பழகுறீர், நல்லது. டெமோ அக்கா சொன்ன "பெர்மிஷன் டினைட்"டும் உம்மடதும் பேரில மட்டும்தான் ஒண்டு. படம், பாட்டு வைக்கிற அந்தப் பொதுச் சேமிப்பில இருக்கிற எந்தப் பைலையும் ப்ரோக்ராமா ஓட்ட ஆண்ட்ரொய்ட் விடாது. சிஎச்மொட் அங்க எடுபடாது. "சிடி" எண்டு மட்டும் அடிச்சு என்டர் குடுத்தா ரெர்மக்ஸின்ர சொந்தக் கோப்புறைக்குப் போயிடுவீர். சி பைலை அங்க கொப்பி பண்ணிக் கொம்பைல் பண்ணும், ஓடும். வர்க்கமூலம் எடுத்தால் அங்கயும் -எல்எம் போட்டுக்கொள்ளும்.

எக்ஸ்இ ஓடாது. ரெண்டு காரணம், ரெண்டும் தனித்தனி. ஒண்டு, பைலின்ர அமைப்பு. விண்டோஸ் எக்ஸ்இ பைலின்ர முதல் ரெண்டு பைட்டும் எம், இசட் எண்ட எழுத்துகள். லினக்ஸ், ஆண்ட்ரொய்ட் ப்ரோக்ராம் ஈஎல்எஃப் எண்ட வேற அமைப்பு. அதில முதல் பைட்டுக்குப் பிறகு ஈ, எல், எஃப் எண்டே எழுதியிருக்கும். திறக்கேக்கயே இது எங்கட ஆள் இல்லை எண்டு தெரிஞ்சிடும். மற்றது சிப். லாப் மெசினில இன்ரெல் வகை, உம்மட போனில ஆர்ம் வகை. ஒண்டின்ர கட்டளை மற்றதுக்கு விளங்காது. பைத்தனில நீங்கள் எழுதின பைலையே அனுப்பலாம், அங்க இருக்கிற பைத்தன் அதை வாசிச்சு ஓட்டும். சியில ஆளுக்கு அனுப்பவேண்டியது .சி பைல். அதை அவரவர் தன்ர மெசினில கொம்பைல் பண்ணிக்கொள்ளவேணும்.

பனிக்காலப்_பொழுது | ஞாயிறு, இரவு 7.15

டொரொன்ரோவில இருந்து எழுதுறன், கொக்குவில் ஆள். ஒரே சிப், ஒரே லினக்ஸ் எண்டாலும் ஓடாமல் போகும் தம்பி. எனக்கு நடந்தது. என்ர மெசினில உபுண்டு 22.04. அதில கட்டின ப்ரோக்ராமை 20.04 இருந்த சேர்வரில போட்டன். "ஜிலிப்சி 2.34 நொட் ஃபவுண்ட்" எண்டு நிண்டிட்டுது. ஜிலிப்சி எண்டது சி லைபிரரி. 22.04 இல இருக்கிறது 2.35, மற்றதில 2.31. புதிசில லிங்க் பண்ணினதைப் பழசு ஓட்டாது, பழசில லிங்க் பண்ணினதைப் புதிசு ஓட்டும். அண்டைக்கு இரவு ஒரு மணிக்கு சேர்வரிலயே திரும்பக் கொம்பைல் பண்ணித்தான் படுத்தனான். இப்ப எங்க ஓடப்போகுதோ அதைவிடப் புதிய மெசினில நான் கட்டுறதில்லை. ஸ்டற்றிக்கா லிங்க் பண்ணி லைபிரரியைப் பைலுக்குள்ளயே அடைக்கிறதும் ஒரு வழி, பைல் பருக்கும்.

காணிக்கணக்கு | ஞாயிறு, இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. -எஸ் போட்டுப் பாத்தன் அண்ணா. ஒண்டில "கோல் எஸ்கியூஆர்டி" இருக்கு, மற்றதில உண்மையாவே இல்லை.

இப்ப வேற பிரச்சினை. அம்மம்மாவின்ர காணி உறுதியில 3 பரப்பு 7 குழி எண்டு இருக்கு. எங்கட வரகுப் பரப்புக் கணக்கில 1 பரப்புக்கு 18 குழி. அதால பரப்போட, குழியை 18 ஆல பிரிச்சுக் கூட்டுற மாதிரி மாத்தினன். பரப்பு, குழி ரெண்டும் முழு எண். கொம்பைல் ஆகுது, லிங்க் ஆகுது, ஓடுது, ஒரு எச்சரிக்கையும் இல்லை. விடை 90.37. அம்மா கல்குலேட்டரில போட்டா 96.05 எண்டு வருதாம். ஆர் சரி?

பழைய_பஸ்கால் | ஞாயிறு, இரவு 9.35

அம்மா சரி.

தம்பி, கொப்பியை எடுத்து அட்டவணை கீறும். குழி 7. அதை 18ஆல் பிரிக்கிறீர். பைத்தன் 0.3888... என்று தரும். சியில் இரண்டு முழு எண்ணைப் பிரித்தால் விடையும் முழு எண், மிச்சம் வெட்டப்படும். 7 பிரி 18 என்றால் 0. உம்முடைய ப்ரோக்ராமுக்கு அம்மம்மாவின் காணி வெறும் 3 பரப்பு. 1 குழி 151.25 சதுர அடி. 7 குழி 1058.75 சதுர அடி காணி காணாமல் போய்விட்டது. 18 என்பதை 18.0 என்று எழுதும், திரும்பி வந்துவிடும்.

பஸ்காலில் இதற்கு இரண்டு குறிகள். சாய்கோடு போட்டால் தசமம் வரும், முழு எண் வேண்டுமென்றால் டிவ் என்று எழுத வேண்டும். நிக்லஸ் விர்த் அந்த மொழியைப் படிப்பிப்பதற்கென்றே செய்தார், அதனால் இப்படி நினைத்துப் பார்த்திருக்கிறார். சி அப்படியல்ல.

எல்லா எச்சரிக்கையும் தா என்று -வோல் போட்டாலும் கொம்பைலர் இதற்கு வாய் திறக்காது, ஏனென்றால் நீர் எழுதியது முறைப்படி சரி. ஆனாலும் -வோல் இல்லாமல் ஒரு நாளும் கொம்பைல் பண்ண வேண்டாம். இலக்கத்தை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் "அண்ட்" குறியை விட்டது, இஃப்புக்குள் இரட்டைச் சமன் போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டது, இவற்றை அது பிடித்துத் தரும். நாற்பது பிழை ஒன்றாக வந்தால் மேலே இருக்கும் முதலாவதை மட்டும் திருத்தி, திரும்பக் கொம்பைல் பண்ணும். ஒரு அடைப்புக்குறி விட்டால் மீதி முப்பத்தொன்பதும் அதன் பிள்ளைகளாக இருக்கும்.

காணிக்கணக்கு | திங்கள், இரவு 8.20

சேர், 18.0 எண்டு மாத்தினன். ஆனா திரும்பவும் 90.37 தான் வந்தது. பைலைத் திறந்து பாத்தா 18.0 எண்டுதான் இருக்கு. இப்ப பைலை ரெண்டாப் பிரிச்சு, மாறின பைலை மட்டும் திரும்பக் கொம்பைல் பண்ணுற மேக் பாவிக்கிறன், லாப்பில அக்கா காட்டித் தந்தவ. 18.0 எண்டு திருத்தினதும் லாப்பிலதான். பென் ட்ரைவில கொண்டுவந்து வீட்டில மேக் அடிக்க, "அப் ரு டேட்" எண்டு சொல்லிப்போட்டு ஒண்டும் செய்யேல்லை.

கோண்டாவில்_மேசை | திங்கள், இரவு 8.45

உம்மட லப்டொப்பில இப்ப என்ன திகதி காட்டுது?

காணிக்கணக்கு | திங்கள், இரவு 8.52

அண்ணா, இப்பதான் பாத்தன், வாற மாசம் 19 காட்டுது! பற்றரி செத்துப் போய் ஒவ்வொரு தரமும் கையால திகதி போடுறனான். கடைசியா மாசத்தைப் பிழையாப் போட்டிருக்கிறன். வைஃபையும் இல்லை வீட்டில.

கோண்டாவில்_மேசை | திங்கள், இரவு 9.10

அதுதான். மேக் கோட்டுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாக்கிறதே இல்லை. 1976 இல பெல் லாப்ஸில ஸ்ருவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதின நாளில இருந்து, மணிக்கூடு ஒண்டைத்தான் நம்புது. .சி பைலின்ர நேரம் .ஓ பைலின்ர நேரத்தைவிடப் புதிசு எண்டா திரும்பக் கொம்பைல், இல்லாட்டி விட்டிடும். உம்மட வீட்டு .ஓ பைல் "வாற மாசம்" கட்டினது. லாப்பில இண்டைக்குத் திருத்தின .சி பைல் அதுக்குப் பழசாத் தெரியுது. பழைய .ஓ பைலையே வைச்சுக்கொண்டு பழைய விடையைத் தருது.

திகதியைத் திருத்தும். பிறகு .ஓ பைல்களையும் ஓடுற பைலையும் அழிச்சுப்போட்டு மேக் குடும். மாறி நடந்தா, அதாவது பைலின்ர நேரம் உம்மட மணிக்கூட்டைவிட முன்னுக்கு நிண்டா, "குளொக் ஸ்கியூ டிடெக்டட்" எண்டு அதுவே சொல்லும். இந்தப் பக்கம் பிழைச்சா வாயே திறக்காது. லப்டொப்பின்ர அடிமூடியைக் கழட்டினா சின்ன வட்டப் பற்றரி இருக்கும், அனேகமா சிஆர்2032. கடையில கழட்டின பற்றரியைக் காட்டி வாங்கும்.

நெல்லியடி_மழை | திங்கள், இரவு 9.30

நானும் அண்ணாவின்ர கணக்கைப் போனில எழுதிப் பாத்தன், சிடி குடுத்துப் போட்டு ஓட்ட ஓடுது. விடைக்குப் பக்கத்தில தமிழில "பரப்பு" எண்டு போட்டு, அதுக்குக் கீழ அந்தச் சொல்லின்ர எழுத்து எண்ணிக்கைக்குக் கோடு கீறப் பாத்தன். சொல்லின்ர நீளம் தாற எஸ்டிஆர்லென் 18 எண்டு சொல்லுது. நாலு எழுத்துத்தானே?

பனிக்காலப்_பொழுது | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, எஸ்டிஆர்லென் எழுத்தை எண்ணுறதில்லை, பைட்டை எண்ணுது. எழுத்துகளைப் பைட்டாச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறியீடு ஒவ்வொண்டும் 3 பைட். "பரப்பு" எண்டதில ப, ர, ப, புள்ளி, ப, உகரக் குறி எண்டு 6 குறியீடு. 6 மூண்டு 18. "யாழ்ப்பாணம்" எண்டு குடுத்துப் பாரும், கண்ணுக்கு 6 எழுத்து, அது 33 எண்டு சொல்லும்.

எழுத்து எண்ண வேணுமெண்டா புள்ளியும் உயிர்க்குறியளும் வரேக்க கூட்டாமல் தாண்டவேணும். க்ஷ, ஸ்ரீ வந்தா இன்னும் யோசிக்கவேணும். உம்மட கோட்டுக்கு இப்ப 4 எண்டு கையாலயே போட்டுவிடும், எண்ணுற ஃபங்ஷனை ஆறுதலா எழுதும். விண்டோஸில பாக்கிற ஆக்கள் முதல் ஜன்னலை யூடிஎஃப்-8 க்கு மாத்துற "சிஎச்சிபி 65001" கட்டளையைக் குடுக்காட்டி தமிழ் கேள்விக்குறியாவோ குப்பையாவோ வரும். குடுத்தாலும் பல ரெர்மினலில கொம்பும் காலும் இடம்மாறி நிக்கும். அது உங்கட ப்ரோக்ராமின்ர பிழை இல்லை, பைலுக்குள்ள எழுதிப் பாத்தா சரியா இருக்கும்.

காணிக்கணக்கு | செவ்வாய், இரவு 7.40

திகதியைத் திருத்தி, .ஓ எல்லாம் அழிச்சு, -வோல், -எல்எம் ரெண்டும் போட்டு மேக் குடுத்தன். 96.05. அம்மாவின்ர கல்குலேட்டரும் அதுதான். பற்றரி சுன்னாகத்தில ஒரு கடையில எடுத்தாச்சு.

அம்மம்மா கேட்டவ, எங்கட காணி நீட்டுக்காணியெல்லோ, சதுரக் கணக்கு என்னத்துக்கு எண்டு. சனிக்கிழமை மாமாவோட நாடா கொண்டுபோய் வேலிக்கு வேலி அளக்கப்போறம். அகலத்தைக் குடுத்தா நீளத்தைச் சொல்லுற மாதிரி மாத்திப்போட்டு .சி பைலை இஞ்ச போடுறன். நெல்லியடித் தங்கச்சி, நீர் அதைப் போனில கொம்பைல் பண்ணி என்ன வருகுது எண்டு சொல்லும்.